அமெரிக்காவும் பிரிட்டனும் இத்தனை காலம் சேர்ந்து நிற்பது எதனால்? டியாகோ கார்சியா பக்கம் போய்வந்த அப்பா கேட்ட கேள்வி

கேட்பவர்: தேங்காய்ப்பட்டணம் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். எனக்கு வந்த தலைப்பு ‘நட்பு வல்லரசுகளுக்கு இடையிலான ராஜதந்திர உறவை வலுப்படுத்துதல்’. அமெரிக்காவையும் பிரிட்டனையும் எடுத்துக்கொண்டேன், அவர்களைப் பற்றித்தான் நூலகத்தில் நிறையப் புத்தகம் இருந்தது. ஆனால் எதைத் திறந்தாலும் ஒரே மொழி, ஒரே மாதிரி சட்டம், இரண்டு உலகப் போரிலும் ஒரே பக்கம் நின்றது, தலைவர்களுக்குள் நட்பு என்று இதே நாலு காரணம்தான். எழுதி வைத்துவிட்டேன், மனசு ஒப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். அப்பா தங்கல் படகில் போகிறவர், ஒரு தடவை இறங்கினால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் முகம் பார்க்கலாம். நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு, சில வருஷத்துக்கு முன்னால் சுறாவுக்குப் போய் தெற்கே ரொம்ப தூரம் இறங்கிவிட்ட கதையைச் சொன்னார். ராத்திரி இரண்டு மணி இருக்கும், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்து, அது நேரே இவர்களைப் பார்த்து வந்து, படகு முழுக்கப் பகல் மாதிரி விளக்கடித்து, வயர்லெஸில் இங்கிலீஷில் என்னவோ சொல்லியிருக்கிறார்கள். படகில் இருந்த பதினோரு பேரில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது ஒரு பையனுக்குத்தான். “எல்லைக்குள்ள வராதீங்க, திரும்பிப் போங்க”ன்னு சொல்றான் என்று அவன் சொல்ல, இவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அது பிரிட்டன் கொடிக்குக் கீழே அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற டியாகோ கார்சியா தீவும் சேர்ந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தின் கடல் என்று பிறகுதான் தெரிந்ததாம்.

அப்பா கேட்டது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: “கொடி ஒருத்தனுக்கு, பறக்கிற விமானம் இன்னொருத்தனுக்கு, தீவு என்னுதுன்னு மூணாவது ஒருத்தன் கேட்கிறான். நம்ம துறையில ரெண்டு பங்காளி சேர்ந்து ஒரு போட்டை அஞ்சு வருஷம் முழுசா நடத்தினதைப் பார்த்திருக்கியா? இவனுக ரெண்டு பேரும் அறுபது வருஷமா ஒரு தீவை வெச்சுக்கிட்டு அடிச்சுக்காம இருக்கானுகளே, அது எப்படி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டையே வரவில்லையா, வந்து சரியானதா, சரியாக்கியது எது? புத்தகத்தில் இருக்கிற நாலு காரணம் எனக்கு வேண்டாம்.


பதில் 1: வள்ளியாற்றங்கரை

மக்ளே, உன் அப்பா கேட்டதுதான் தலைப்பே. நான் இருபத்திரண்டு வருஷம் நம் கடற்படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவன், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

படகுப் பங்காளிகள் எப்போது பிரிகிறார்கள் என்று யோசித்துப் பார். இன்ஜின் ஒருத்தர் வாங்கியது, வலை இன்னொருத்தர் வாங்கியது, கணக்கு நோட்டு இரண்டு என்று இருந்தால் ஒரு மோசமான சீசன் போதும், அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இந்த இரண்டு நாடும் செய்த வேலை என்னவென்றால் சாமானைப் பிரிக்கவே முடியாதபடி சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

1946 மார்ச் 5ஆம் தேதி சர்ச்சில் அமெரிக்காவில் ஃபுல்டன் என்ற ஊரில் பேசினார். ‘இரும்புத் திரை’ என்ற சொல் அந்தப் பேச்சிலிருந்துதான் பரவியது, ‘சிறப்பு உறவு’ என்பதையும் அதில்தான் சொன்னார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அதே நாளில் இன்னொரு காரியம் நடந்தது, அது வெளியே யாருக்கும் தெரியாது. இரண்டு நாட்டு ஒட்டுக்கேட்புப் பிரிவுகளும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன, யுகேயுஎஸ்ஏ ஒப்பந்தம் என்று பெயர். எந்த நாட்டு வானொலிச் செய்தியை யார் பிடித்தாலும் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும், சங்கேதத்தை உடைத்தால் உடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்ததுதான் இன்றைக்கு ‘ஐந்து கண்கள்’ என்று பேசுகிறார்களே அது. அந்த ஒப்பந்தத்தின் முழு வாசகம் 2010இல்தான் வெளியே வந்தது. மேடையில் பேசியது ஊருக்கெல்லாம் தெரிந்தது, ரகசியமாகக் கையெழுத்தானது எண்பது வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. நாங்கள் அமெரிக்கக் கப்பல்களோடு மலபார் பயிற்சி செய்வோம், 1992இல் தொடங்கியது அது. முதல் நாள் முழுக்க வீணாகும். அவர்கள் செய்தி அனுப்பும் வரிசை வேறு, நம்முடையது வேறு, நேரத்தை எழுதும் இடம் வேறு. ஒரு சாதாரணச் செய்திக்கு மூன்று தடவை ‘மறுபடி சொல்’ கேட்போம். மூன்றாம் நாள் ஆகும்போது அந்தப் பக்கம் மைக்கில் இருக்கிற பையனின் குரல் நமக்குத் தெரிந்துவிடும், அவன் இருமினால் கூடத் தெரியும், வேலை மளமளவென்று ஓடும். அதற்குள் பயிற்சி முடிந்து கப்பல்கள் அவரவர் வழியில் போய்விடும். மூன்றாம் நாளில் வருகிற அந்தப் பழக்கத்தை இந்த இரண்டு நாடும் நாற்பதுகளிலிருந்து விடாமல் வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் செல்டன்ஹாம் ஒட்டுக்கேட்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் அமெரிக்காவில் மேரிலாந்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே படிவத்தில் எழுதுகிறார்கள். பிரதமர் மாறலாம், ஜனாதிபதி மாறலாம், இவர்கள் மறுநாள் காலை அதே நாற்காலியில் இருப்பார்கள்.

அடுத்தது ஏவுகணை. பிரிட்டனின் அணு ஆயுதம் முழுவதும் இப்போது நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கிறது. கப்பல் அவர்கள் கட்டியது, அணுகுண்டு முனையும் அவர்கள் செய்வது. ஆனால் அதைச் சுமக்கும் டிரைடன்ட் ஏவுகணை அமெரிக்காவிலிருந்து வருவது, ஜார்ஜியா மாநிலத்தில் கிங்ஸ் பே என்ற தளத்தில் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக வைத்திருக்கும் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்வது. பராமரிப்பும் அங்கேதான். ஒரு நாடு தன் உயிரைக் காக்கிற ஆயுதத்தை இன்னொரு நாட்டின் கிடங்கிலிருந்து எடுக்கிறது என்றால் அதற்குப் பிறகு ஏற்படும் மனஸ்தாபம் எல்லாம் ஒரு அளவுக்கு மேல் போக முடியாது. 1958இல் போட்ட அணு ஒப்பந்தத்தைப் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள், 2024இல் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் சொல்: இன்ஜின் இருவர் பேரிலும், கணக்கு நோட்டு ஒன்றே ஒன்று.


பதில் 2: பள்ளியாடி வாத்தியார்

கடற்படை அண்ணன் சொன்னது முக்கியமான பாதி. ஆனால் அதைப் படித்தால் சண்டையே வராத குடும்பம் மாதிரித் தோன்றும். நன்றாகவே சண்டை வந்திருக்கிறது. பிள்ளை கேட்ட ‘சரியாக்கியது எது’ என்ற இடத்தில்தான் சரக்கு இருக்கிறது, நான் அங்கேயே நிற்கிறேன்.

முதலில் நம் மாவட்டத்துக்கு ஒரு தொடர்பு சொல்கிறேன், உன் வகுப்பில் யாரும் சொல்லமாட்டார்கள். போர்க்காலத்தில், 1944இல், இரண்டு நாடும் சேர்ந்து ஓர் அமைப்பை வைத்தார்கள். உலகத்தில் எங்கே அணுசக்திக்கு வேண்டிய யுரேனியமும் தோரியமும் இருந்தாலும் அது தங்கள் இருவர் கைக்கும் வர வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அவர்கள் கண் வைத்த இடங்களில் திருவிதாங்கூர்க் கடற்கரையும் ஒன்று. நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, அதில்தான் தோரியம். அதாவது நம் காலடி மண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகள் இவர்கள்.

அப்படி இருந்தவர்கள் போர் முடிந்ததும் என்ன ஆனார்கள்? 1943இல் கியூபெக்கில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அணு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, எந்த வெளிநாட்டுக்கும் அணு விவரம் தரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. குண்டு செய்வதற்குத் தன் விஞ்ஞானிகளை அனுப்பிய பிரிட்டனுக்கும் அதே கதவுதான். பிரிட்டன் தனியாகவே உழைத்து 1952இல் சொந்தக் குண்டை வெடித்தது. அடுத்தது எகிப்தின் சூயஸ் கால்வாய்ச் சண்டை. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 நம்மில் எல்லோருக்கும் தெரியும், அதே வாரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் எகிப்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்காவிடம் கேட்காமல், சொல்லாமல், பிரான்சோடும் இஸ்ரேலோடும் சேர்ந்து செய்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கோபத்தில் படை அனுப்பவில்லை. பவுண்டு சரிந்துகொண்டிருந்தது, பிரிட்டனுக்குச் சர்வதேச நிதியத்தின் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது, போரை நிறுத்தும்வரை அது வராதபடி அமெரிக்கா பார்த்துக்கொண்டது. நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது. ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவியே விலகினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஈடனுக்குப் பிறகு வந்த மேக்மில்லன் முறுக்கிக்கொண்டு உட்காரவில்லை. இரண்டே மாதத்தில், 1957 மார்ச்சில், பெர்முடாவில் ஐசனோவரைச் சந்தித்தார். இருவரும் போரின்போது வட ஆப்பிரிக்காவில் சேர்ந்து வேலை செய்தவர்கள், பழைய பழக்கம் கை கொடுத்தது. அந்த அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் ஏற்றியதும் அமெரிக்காவுக்கும் துணை தேவைப்பட்டது. 1958 ஜூலையில் அந்த அணு ஒப்பந்தம். பன்னிரண்டு வருஷம் சாத்தியிருந்த கதவு, பெரிய சண்டைக்கு இரண்டு வருஷத்துக்குள் திறந்தது.

மறுபடி 1962. பிரிட்டன் தன் சொந்த ஏவுகணைத் திட்டத்தை விட்டுவிட்டு அமெரிக்காவின் ஸ்கைபோல்ட் ஏவுகணையை நம்பியிருந்தது, அமெரிக்கா அதை நடுவில் கைவிட்டது. நம்பிக் கடன் கொடுத்தவனை ஏமாற்றிய மாதிரி லண்டனில் கொந்தளிப்பு. டிசம்பரில் பஹாமாஸில் நாசாவ் என்ற இடத்தில் கென்னடியும் மேக்மில்லனும் உட்கார்ந்து பேசி, ஸ்கைபோல்ட்டுக்குப் பதில் போலாரிஸ் ஏவுகணை என்று முடிவானது. அதன் வாரிசுதான் டிரைடன்ட்.

அப்புறம் வியட்நாம்: அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் எவ்வளவோ கேட்டும் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் படை அனுப்பவில்லை. 1983இல் ஜனாதிபதி ரீகன் கரீபியன் தீவான கிரெனடாவுக்குள் படையை இறக்கினார், அந்தத் தீவுக்கு எலிசபெத் ராணிதான் தலைவர், ஆனாலும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் பேச்சை அவர் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் அர்ஜென்டினாவோடு பிரிட்டன் நடத்திய ஃபாக்லாந்து போரில் அமெரிக்கா எரிபொருளும் சைடுவைண்டர் ஏவுகணையும் கொடுத்து உதவியிருந்தது. கிரெனடா கசப்பை விழுங்கிக்கொண்ட தாட்சர் 1986இல் லிபியாவைத் தாக்க அமெரிக்க விமானங்களை இங்கிலாந்திலிருந்து கிளம்பவிட்டார்.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எல்லைக் கல் விஷயத்தில் பதினெட்டு வருஷம் பேசவில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. காலையில் இவர் மோட்டார் போட்டால் அவர் வீட்டுத் தொட்டியும் நிரம்பும், சாயங்காலம் அவர் முறை. வாஷர் போனால் யார் பணம் என்று பார்க்காமல் மாற்றிவிடுவார்கள். பேச்சுவார்த்தை நின்ற காலத்திலும் தண்ணீர் நின்றதில்லை. கடைசியில் பேச ஆரம்பித்ததும் கிணற்றுப் பக்கத்தில் நின்றுதான். சூயஸ் நடந்த வாரத்தில் கூட அண்ணன் சொன்ன அந்த ஒட்டுக்கேட்பு ஒப்பந்தத்தை யாரும் கிழித்துப் போடவில்லை.

ஆக, பிள்ளை, நட்பு என்பதை மட்டும் எழுதாதே. எதில் சண்டை போட்டாலும் எதில் கை வைக்கக்கூடாது என்ற தெளிவு இரண்டு பக்கத்திலும் இருந்தது, தோற்றவன் முகம் கொடுத்துப் பேச வந்தான், ஜெயித்தவன் அவனுக்கு எதையாவது கையில் கொடுத்து அனுப்பினான்.


பதில் 3: ஆழ்கடல் தம்பி

பெரியவர்கள் இருவரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் தங்கச்சி, உன் அப்பா கேட்டது தீவைப் பற்றி. தீவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் தூத்தூர் பக்கம், எங்கள் எட்டு ஊரிலும் அந்தக் கடலைத் தெரியாத வீடு குறைவு. நம் கரையிலிருந்து டியாகோ கார்சியா சுமார் 1,800 கிலோமீட்டர். பொதுவாகப் படகு மணிக்கு ஏழெட்டு நாட்டிக்கல் மைல் வேகத்தில் போனால் ஐந்தாறு நாள். ஒரு தடவை கடலில் கேட்ட பெயரை விடாமல் தேடித்தேடிப் படித்தேன், அதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தீவுகள் மொரீஷியஸோடு சேர்ந்தவை. மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்னால், 1965 நவம்பரில், பிரிட்டன் அவற்றைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டது. 1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவோடு கடிதப் பரிமாற்றமாக ஒரு ஒப்பந்தம்: 50 வருஷத்துக்குத் தளம் வைத்துக்கொள்ளலாம், பிறகு 20 வருஷம் நீட்டிக்கலாம். வாடகை கிடையாது. ஆனால் சும்மாவும் இல்லை. பதில் 2இல் போலாரிஸ் ஏவுகணை என்று வந்ததே, அதன் ஆராய்ச்சிச் செலவுக்காக பிரிட்டன் கட்ட வேண்டிய பங்கில் 14 மில்லியன் டாலரை அமெரிக்கா தள்ளிக் கொடுத்தது. அது அப்போது ரகசியம். ஒரு தீவு ஒரு ஏவுகணைக் கணக்கில் கழிந்துபோனது.

அங்கே ஆள் இல்லாமல் இல்லை. தேங்காய்த் தோட்டம் இருந்தது, கொப்பரை போட்டு வாழ்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள், இந்தியாவிலிருந்து கூலியாகப் போனவர்களின் பிள்ளைகள். நம்மை மாதிரிக் கடலும் தென்னையும்தான் அவர்களுக்கும் எல்லாம். 1966இல் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கோப்பில் எழுதும்போது, பறவைகளோடு சில டார்சான்களும் ஃப்ரைடேக்களும் அங்கே இருக்கிறார்கள் என்று, கதைகளில் வரும் காட்டுவாசிகளின் பெயரால் கேலியாக எழுதினார். 1968க்கும் 1973க்கும் நடுவில் எல்லோரையும் வெளியேற்றினார்கள், ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் பேர் வரை. மொரீஷியஸுக்குச் சிகிச்சைக்கோ சொந்தக்காரரைப் பார்க்கவோ போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற்றவில்லை. மிச்சம் இருந்தவர்களை ஒரு சரக்குக் கப்பலில் கொண்டுபோய் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து அடைத்துப் புகையடித்துக் கொன்றார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒக்கி புயல் நேரத்தில் எங்கள் ஊரில் ஆள் திரும்பாத வீட்டு வாசலில் நாய்கள் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

இன்னொன்று நம்மவர்கள் விஷயம். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போக முயன்ற ஈழத் தமிழர்களின் படகு பழுதாகி, அவர்களை டியாகோ கார்சியாவில் கரையேற்றினார்கள். சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலி போட்ட இடத்தில் கூடாரங்களில், எலித் தொல்லைக்கு நடுவில், மூன்று வருஷம். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள், அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. தளத்துக்குள் போக நீதிபதிக்கே அமெரிக்கர்களின் சம்மதம் வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கூட்டணியைப் பாதிக்கவில்லையா என்றால், பாதித்தது. நாற்பது ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் விடாமல் வழக்குப் போட்டார்கள், மொரீஷியஸும் சேர்ந்துகொண்டது. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் அந்தத் தீவுகளை விட்டு வெளியேற வேண்டும் என்று கருத்துச் சொன்னது, 13 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம். அந்த ஒருவர் அமெரிக்கர். மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், எதிர்த்து ஓட்டுப் போட்டது 6. இந்தியா மொரீஷியஸ் பக்கம் நின்றது. பாதுகாப்புக்கு அசைக்க முடியாத தளம் என்று எதை வைத்திருந்தார்களோ அதற்கு அடியில் பட்டா இல்லை என்று ஆகிவிட்டது. 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன: தீவுகள் மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகை, சராசரியாக வருஷத்துக்கு 101 மில்லியன் பவுண்டு. அன்று விடியும் முன்பே தீவில் பிறந்த இரண்டு பெண்கள் எங்களைக் கேட்கவில்லையே என்று லண்டனில் தடை வாங்கினார்கள், மதியத்துக்குள் தடை நீங்கிக் கையெழுத்தானது. ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளுக்கு அவர்கள் திரும்பலாம், டியாகோ கார்சியாவுக்கு மட்டும் முடியாது.

வாடகை இல்லாமல் வாங்கியதற்கு இந்த ஒப்பந்தப்படி 99 வருஷம் வாடகை. உறவை வலுப்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சொல்லு தங்கச்சி. அன்றைக்கு அந்தத் தென்னந்தோப்புக்காரர்களை உட்காரவைத்துப் பேசியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.


பதில் 4: பள்ளியாடி வாத்தியார்

தம்பி, 99 என்று நீ சொன்னதும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. 1940 செப்டம்பரில் பிரிட்டன் ஜெர்மனியிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிடமிருந்து 50 பழைய போர்க்கப்பல்களை வாங்கியது. பதிலுக்குக் கரீபியன் பக்கமும் நியூஃபவுண்ட்லாந்திலும் தன் நிலங்களைத் தளம் அமைக்கக் கொடுத்தது. அதுவும் 99 வருஷக் குத்தகைதான். அன்று குத்தகைக்கு விட்டவன் இன்று குத்தகைக்கு எடுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். முல்லைப்பெரியாறுக்காகத் திருவிதாங்கூர் 1886இல் போட்ட 999 வருஷக் குத்தகை இன்னும் நம்மை என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்தவர்கள் நாம். யார் தலைக்கு மேல் எந்த நாளில் கையெழுத்தானது என்பதை மக்கள் மறப்பதில்லை.


பதில் 5: வள்ளியாற்றங்கரை

தம்பி எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. தளத்தின் உபயோகம் எனக்குத் தெரியும், 1991 வளைகுடாப் போரிலும் 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும் அங்கிருந்து பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஆனால் உபயோகத்தைப் பற்றி மட்டும் பேசிப் பழகியவர்கள் நாங்கள். அந்த மக்களைப் பற்றி எங்கள் மெஸ்ஸில் யாரும் ஒரு தடவை கூடப் பேசியதில்லை.

மக்ளே, கடைசியில் யாராவது ‘அப்படியானால் இந்தியா என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்பார்கள், தயாராகப் போ. நாம் யாரோடும் ராணுவக் கூட்டணியில் இல்லை. ஆனால் அமெரிக்காவோடு 2016இல் ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெறும் ஒப்பந்தம், 2018இல் தகவல் தொடர்புக் கருவிகளுக்கான ஒப்பந்தம், 2020இல் வரைபட, செயற்கைக்கோள் விவரங்களுக்கான ஒப்பந்தம் என்று மூன்று போட்டிருக்கிறோம். 1971 டிசம்பரில் இதே அமெரிக்கா என்டர்பிரைஸ் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி நம்மை மிரட்டியது. அங்கிருந்து இங்கே வர நாற்பத்தைந்து வருஷம் ஆனது. அந்த மூன்றில் இரண்டாவதுதான் என் துறை. அதைக் கேட்டபோது எனக்கு அந்த மலபார் முதல் நாள் நினைவுக்கு வந்தது. இனி அந்தப் பையன்கள் ‘மறுபடி சொல்’ கேட்பது குறையும் என்று சந்தோஷப்பட்டேன், அதே நேரம் நம் கிணற்று மோட்டாரின் சுவிட்ச் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மையாக மனசில் இருக்கிறது.


கேட்டவர்: தேங்காய்ப்பட்டணம் பெண்

மாமா, சார், அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. நான் எழுதி வைத்திருந்ததை அப்படியே தள்ளிவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏவுகணைக் கணக்கில் கழிந்த 14 மில்லியன் டாலரில் ஆரம்பித்து, நாசாவ், சூயஸ் என்று பின்னால் போய், கிணறு வரைக்கும் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன்.

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணறு வந்த இடத்தில் தலையாட்டினார். நாய்கள் வந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, பழைய கடல் வரைபடம் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார், உப்புத் தண்ணீர் பட்டு மடிப்பெல்லாம் கிழிந்தது. அன்றைக்கு விளக்கடித்த இடத்தில் ஏற்கெனவே பேனாவால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார், இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது.

புது ஒப்பந்தத்தில் டியாகோ கார்சியாவைச் சுற்றி 24 நாட்டிக்கல் மைலுக்குத் தனிக் கட்டுப்பாடு என்று படித்தேன், அதைச் சொன்னதும் விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இந்தக் குறி அதற்கு வெளியேதான் இருக்கிறது என்றார். அப்படியானால் அந்த இடத்தில் மீன் பிடிக்க இனிமேல் மொரீஷியஸ்காரரிடம் முறையாக அனுமதி கேட்க வழி உண்டா, நம் மாநில மீன்வளத் துறை மூலமாகக் கேட்பதா, டெல்லி மூலமாகவா என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகிறார். அதற்குள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.